பெரிய சிம்னி வராத கூட்டம்

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பதினோரு பேர். செல்லப்பாண்டி அண்ணன் இருந்தார். கூட்டமே அவருடைய கொட்டகையில்தான் என்பதால் அவர் வராமல் இருக்க வழியில்லை. ஒச்சம்மா அக்கா இருந்தார். கணவர் போனபின் காளவாசலைத் தானே நடத்துகிறவர், பதினோரு பேரில் ஒரே பெண். மற்ற ஒன்பது பேரும் சமயநல்லூருக்கும் அலங்காநல்லூருக்கும் நடுவே ஆளுக்கொரு சின்னக் காளவாசல் வைத்திருப்பவர்கள். செங்கல் சூளைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அதுதான். வராதவர் ஒருவர். ரோட்டோரத்தில் மூன்று தென்னை உயரத்துக்குச் சிம்னி எழுப்பி, மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் எரிக்கும் பெரிய சூளையின் முதலாளி. அவருடைய ஆபீசுக்கு நானே போய் அழைப்புக் கொடுத்திருந்தேன். மேலாளர் அதை வாங்கி டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். சூளைகளில் விறகையும் புகையையும் குறைக்கும் இந்தக் களப்பணியில் ஒன்பது வருஷம் இருந்தேன். திட்டத்தில் என் பகுதி முடிந்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வேறு வேலை. முப்பத்து நான்கு வயதில் ஓய்வுபெற்றவன் மாதிரி அனுபவம் சொல்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே படியுங்கள். விறகு குறைய மண்ணில் உமியை எந்த அளவில் கலப்பது, சூளையின் வெளிச்சுவரை எவ்வளவு கனத்துக்குப் பூசுவது, எரிக்கும்போது பழைய டயர் ஏன் கூடாது என்பதெல்லாம் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பாவும் அம்மாவும் இதே பக்கத்துக் காளவாசல்களில் செங்கல் அறுத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் இந்த வேலை கிடைத்தபோது, படித்தவர்கள் பேச்சும் தெரியும், சூளைக்காரர்கள் பேச்சும் தெரியும், என்னை மடக்க யாரும் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கொட்டகைச் சுவரில் செல்லப்பாண்டி அண்ணனின் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் படம் காட்டினேன். கடல் நடுவே ஒரு குட்டி நாடு. உலகம் விடுகிற புகையில் அந்த நாட்டின் பங்கு ஒரு சிட்டிகைகூட வராது. ஆனாலும் எங்கள் பங்கை நாங்கள் குறைத்துக்கொள்கிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். இதை நான் உருக்கமாகச் சொல்லி முடித்தேன்.

செல்லப்பாண்டி அண்ணன் பீடியை அணைத்தார்.

"மாப்ள, அவுக எதுக்குக் கொறைக்கிறாக?"

"கடல் உள்ள வந்துக்கிட்டே இருக்குண்ணே. கொஞ்ச வருசத்துல நாடே முங்கிரும்."

"அவுக கொறச்சா கடல் நின்னுருமா?"

"அவுக மட்டும் கொறச்சா நிக்காது. பெரிய நாடுகளும் கொறைக்கணும்."

"கொறைக்கிறாகளா?"

"சொல்லிக்கிறாக. அம்புட்டா நடக்கல."

"அப்ப எப்படியும் முங்கத்தான் போறாக. புகைய விட்டு நாலு காசு பாத்துட்டாச்சும் முங்கலாம்ல?"

கொட்டகை சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "நமக்கு அந்தக் கவல இல்லப்பா. வைகையில முங்கணும்னா குழி தோண்டித்தான் முங்கணும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அண்ணன் எழுந்து, வாசல் வழியாக ரோட்டுப் பக்கம் கை நீட்டினார். வயலுக்கு அப்பால் சிம்னி நேராகப் புகை விட்டுக்கொண்டிருந்தது.

"அந்தா நிக்கிது பெரிய நாடு. அது மொதல்ல கொறைக்கட்டும். பின்னாலயே நாங்க வாரோம்."

"அவருக்காக நாம ஏண்ணே காத்துக்கிட்டு இருக்கணும்?"

"இதக் கேளு. நீ சொல்றாப்புல செஞ்சா மொத ரெண்டு சூளை எனக்குப் பழகாது. கல்லு கெடும், இல்ல நாளாகும். கல்லு வாங்குறவன் நிப்பானா? நேரா அவன்கிட்டப் போவான். அப்ப என் சூளையில வெந்திருக்க வேண்டிய கல்லும் அவன் சூளையில வேகும். நான் புகைய நிறுத்தி, அவன் புகையக் கூட்டிவிட்ட கதைதான. இதுக்குப் பதில் சொல்லு, நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

தம்பிகளே, உலகத்தில் பெரிய பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். நாலாம் வகுப்போடு நின்ற செல்லப்பாண்டி அண்ணன் அதை வேட்டிக்கு முன்னால் நின்று கேட்டார்.  எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு கண்கள் பார்க்கும்போது படித்த பையன் வாயை மூடிக்கொண்டு நிற்பதாவது என்று தோன்றியது.

"நீங்க பதினோரு பேரும் மாறிட்டீங்கன்னா கவர்மெண்டு அவர விடாதுண்ணே. அடுத்த சீசனுக்குள்ள அவரும் மாறித்தான் ஆகணும்."

அப்படி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எந்த உத்தரவிலும் அது இல்லை. அந்த நிமிஷத்தில் என் வாயில் முளைத்த வாக்கு அது.

 கடைசியில் ஒச்சம்மா அக்காதான், "நான் ஒரு சூளை போட்டுப் பாக்குறேன் தம்பி" என்றார்.

வெளியே வந்து அவருடைய வண்டி கிளம்பும் வரை கூடவே நின்றேன். அப்போதுதான் முழு விவரமும் சொன்னார். போன பருவத்தில் எதிர்பாராத மழையில் சூளையில் வைக்காத அவருடைய பச்சைக் கல் அத்தனையும் கரைந்துபோனது. இந்தத் தடவை கோச்சடையில் வரிசை வீடுகள் கட்டும் சுல்தான் பாய் ஒரு முழுச் சூளைக் கல் கேட்டிருக்கிறார். நன்றாகக் கொடுத்தால் வருஷம் முழுக்க அவருடைய வேலை வரும். இதுவும் கெட்டால் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொருவர் காளவாசலுக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான். "யோசிச்சுத்தான் சொன்னேன்" என்றார். நான் யோசிக்காமல் சொன்னதை அவர் யோசித்து ஏற்றுக்கொண்டாரோ என்று எனக்கு உள்ளே ஒரு பயம் வந்தது. அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சூளையைப் போட்ட நாட்களை இப்போது நினைத்தாலும் மனம் அங்கேயே போய் நின்றுகொள்கிறது. காலையில் ரைஸ்மில்லில் உமி மூட்டை ஏற்றிய வண்டியின் பின்னாலேயே என் பைக்கில் போவேன். காற்றில் பறந்த உமி சட்டைக் காலருக்குள் இறங்கிக் குத்தும். களத்தில் வரிசையாகக் காயும் கல்லுக்கு நடுவே அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார். சூளைக்குத் தீ பார்ப்பவர் கருப்பையா அண்ணன், அதிகம் பேசமாட்டார். மதியம் நாங்கள் மூவரும் ஒரே வேப்பமர நிழலில் சாப்பிடுவோம். இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனையோ அறைகளில் எத்தனையோ கூட்டங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த நிழலில் இருந்த மரியாதை வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. படித்தவன் என்பதற்காக மட்டும் அல்ல, கல் அறுத்தவர் மகன் என்பதற்காகவும் சேர்த்து அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதை அது.

தீ வைத்த நாலாம் நாள் காலை அந்தப் பிரச்சினை வந்தது. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் காளவாசல்களில் கல் வெந்ததா என்பதற்கு ஒரு அளவு உண்டு. அடுக்கி முடித்த அன்றே நான்கு மூலையிலும் குச்சி நட்டு, மேல்மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்கள். வேக வேகக் கல் சுருங்கி மேல்மட்டம் கீழே இறங்கும். கோட்டிலிருந்து ஒரு சாண் இறங்கிவிட்டால் வெந்தது என்று அர்த்தம். பிறகு விறகு தள்ளும் வாய்களை மண்ணால் அடைத்துவிடலாம். அந்தச் சாண் கணக்கை என் அப்பா என் கையைப் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்த பாடம் அது.

அன்று காலை நான் ஏணியில் ஏறிக் கையை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். கீழே இரண்டு லோடு கருவேல விறகு தொடாமல் கிடந்தது. வழக்கமாக அதெல்லாம் சாம்பலாகிப் போயிருக்கும். மதியம் எங்கள் மேலதிகாரி கேமராவோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மிச்சமான விறகுக் குவியல், மூடிய சூளை, பக்கத்தில் ஒச்சம்மா அக்கா. படம் என் மனதில் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

கருப்பையா அண்ணன் மட்டும் சூளை வாய் ஓரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எறங்கிருச்சு. இல்லேங்கல. ஆனா உள்ள நெறம் ஏறலயே."

"எப்பவும் ஒரு சாண் எறங்குனா மூடிருவீகல்லண்ணே?" என்றேன்.

"எப்பவும் மூடிருவேன். எப்பவும் உமி போட்டதில்லயே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சிருக்க. நீ சொல்லு தம்பி."

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். உமி கலந்த கல் சீக்கிரம் இறங்கும், இறக்கத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் படித்திருந்தேன். இரண்டு பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தேன். ஆனால் ஏணி மேல் நின்றபோது படித்தது நினைவுக்கு வரவில்லை, அப்பாவின் சாண்தான் வந்தது. ஊரே நான் படித்தவன் என்று நம்பி என்னிடம் கேட்டது. நானோ படிக்காத காலத்துக் கையை வைத்துப் பதில் சொன்னேன். கூடவே அந்தப் படத்தின் ஆசையும் இருந்தது.

"மூடிரலாம்க்கா."

வாய்களை மண் வைத்து அடைத்தார்கள். அடைத்த சூளையை ஆறும் முன் திறக்க முடியாது. மதியம் மேலதிகாரி வந்தார். படம் நன்றாக வந்தது.

எட்டு நாள் கழித்துப் பிரித்தோம். ஓரத்துக் கல் சிவந்து, தட்டினால் வெண்கலம் மாதிரிக் கணீரென்றது. அக்கா முகம் மலர்ந்தது. நடு அடுக்குக்குப் போனதும் கருப்பையா அண்ணன் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். டொக் என்றது. இன்னும் இரண்டு. அதே டொக். ஒரு கல்லை வாளித் தண்ணீரில் போட்டார். நாங்கள் மூவரும் வாளியைச் சுற்றி நின்று, அந்தக் கல் விளிம்பிலிருந்து கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிச் சூளை வேகவில்லை.

சுல்தான் பாய் மறுநாள் வந்தார். நல்ல மனிதர். கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப அடுக்கிலேயே வைத்தார், தூக்கிப் போடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. எங்கிட்ட வீடு வாங்குறவன் புகையப் பத்திக் கேக்க மாட்டான். செவுத்தத் தட்டித்தான் பாப்பான். திங்கக்கெழம கொத்தனார் வாராரு, கல்லு இல்லாம என்ன செய்யட்டும்?"

"வெந்தது பாதி இருக்கு பாய். அத எடுத்துக்கங்க. மீதிக்கு ஒரு மாசம் பொறுங்க."

"ரெண்டு எடத்துக் கல்ல ஒரு செவுத்துல வைக்க முடியாதுக்கா. இன்ஷா அல்லா, அடுத்த வேலைக்குப் பாப்போம்."

அவருடைய வண்டி ரோட்டுக்கு ஏறி, சிம்னி இருக்கும் பக்கம் திரும்பியது. செல்லப்பாண்டி அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. எங்களால் அந்தச் சிம்னியில் கூடுதலாக ஒரு சூளைக் கல்லுக்குப் புகை போனது.

அன்று மாலை மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவரும் கெட்டவர் இல்லை. திட்டம் நின்றுவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கு. "மத்தவங்ககிட்ட இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். சோதனை நடந்துக்கிட்டு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சரி சார் என்றேன். 

அடுத்த கூட்டம், அதே கொட்டகை. வேட்டி கட்டவில்லை, படம் இல்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. காளவாசல்காரர்களிடம் டொக் சத்தத்தை மறைக்க முடியுமா? ஆனாலும் நானே சொல்லட்டும் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் எழுந்து, பாதி வேகவில்லை, மூடச் சொன்னவன் நான், கருப்பையா அண்ணன் தடுத்தும் கேட்கவில்லை, அக்கா மேல் தப்பில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தேன்.

"உக்காராத மாப்ள" என்றார் செல்லப்பாண்டி அண்ணன். "இன்னொண்ணு இருக்கு. நாங்க மாறிட்டா கவர்மெண்டு அவன விடாதுன்னயே. அது யாரு சொன்னது?"

மேலதிகாரியின் குரல் காதில் இருந்தது. அக்காவின் முகம் எதிரில் இருந்தது.

"யாரும் சொல்லலண்ணே. நானாச் சொன்னேன். அவர் மாறுவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கொட்டகையில் யாராவது எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் போகவில்லை. அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"கேட்டியா ஒச்சம்மா? இவன் பேச்ச நம்பிச் சூளையக் கெடுத்துட்ட."

"இவன் சொன்னத நம்பி நான் போடலயே" என்றார் அக்கா. "அவன் மாறுவான்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. அடுத்த சூளையும் உமி போட்டுத்தான் போடப்போறேன். எறங்குன பெறகும் ஒரு நாள் எரிப்பேன். அப்பயும் ஒரு லோடு மிஞ்சும்."

"அவன் பாட்டுக்கு விட்டுக்கிட்டு இருப்பான். நீ ஒருத்தி கொறச்சு?"

"அவன் சிம்னி ஒசரம். அவன் புகை எந்த ஊருக்குப் போகுதோ. நம்ம சூளைக்குச் சிம்னியே இல்ல. நம்ம புகை நம்ம தெருவத் தாண்டாது. சூளை எரியிற வாரம் எங்க தெருவுல துணி காயப்போட முடியுதா? பாலர் பள்ளியில சன்னலத் தெறக்குறாகளா? அது அவன் செஞ்சதா, நான் செஞ்சதா?"

"அது கீழ நிக்கிற புகை. மேல போயி ஒலகத்தச் சூடாக்குதுன்னு மாப்ள சொல்ற புகைக்கு?"

"அதுக்கு ஒலகத்துக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியுமா? என் பங்குக்கு நாந்தான் சொல்லணும்."

"ஒன் பங்கு எம்புட்டுன்னு தெரியுமா ஒனக்கு? சுண்டக்கா. இரு, போட்டுக் காட்டுறேன்."

அண்ணன் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் குந்தினார். பெரிய சூளைக்குள் போகும் நிலக்கரி லோடு கணக்கு அவருக்கு அத்துப்படி, அங்கே எடை போடுகிறவர் அவருடைய மச்சினன். அந்தப் பக்கம் லோடுக்கு ஒரு கோடு. இந்தப் பக்கம் பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கேட்டு, ஒரு பருவத்துக்கு எரிக்கும் விறகுக்குக் கோடு. முதலில் சிரித்துக்கொண்டே போட்டார். ஏழாவது ஆளுக்கு வரும்போது சிரிப்பு நின்றது. பதினோராவது ஆளின் கோடு கொட்டகைத் தூணைத் தொட்டது. எங்கள் பக்கம் நீளமாக இருந்தது.

"தப்பா இருக்கு" என்று காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் தூணைத் தொட்டது.

நிலக்கரி லோடும் விறகு லோடும் ஒன்றல்ல, அந்தக் கணக்கு சரியான கணக்கு அல்ல என்று இன்றைக்கும் சொல்வேன். அன்றைக்கே அதைச் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். "சரி, பாதியாத்தான் வச்சுக்க. பாதியும் சுண்டக்கா இல்லயே" என்றார். அத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து டீ சொல்லப் போய்விட்டார். நாம் சின்னவர்கள் என்று நிரூபிக்க உட்கார்ந்த மனிதர், சின்னவர்கள் தனித்தனியாக நிற்கும்வரைதான் சின்னவர்கள் என்று தானே கண்டுபிடித்துவிட்டு, அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல் டீக்குப் போனார். அந்தக் காட்சியை எந்தப் படத்தாலும் நான் காட்டியிருக்க முடியாது.

அக்கா அடுத்த சூளையை உமியோடு போட்டார். கருப்பையா அண்ணன் சாண் இறங்கியபின்னும் ஒரு பகல் கூடுதலாக எரித்தார். கல் கணீரென்றது. சுல்தான் பாய் அந்த வருஷம் திரும்பி வரவில்லை. அக்கா மாட்டுக்கொட்டகைக்கும் மதில்சுவருக்கும் சில்லறையாகக் கல் கொடுத்து, குத்தகை நிலத்தைக் கைவிடாமல் தப்பித்தார். அவரைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். ஆறாவது ஆளாகச் செல்லப்பாண்டி அண்ணன் வந்தார், "விறகு கெடைக்கல, அதான்" என்று சொல்லிக்கொண்டு. மற்ற ஐந்து பேர் இன்றுவரை மாறவில்லை. பெரிய சிம்னியும் மாறவில்லை. நேற்று அந்த வழியாகப் போனபோதும் நேராகப் புகை விட்டுக்கொண்டுதான் இருந்தது.

பெரியவன் குறைக்காதபோது சின்னவன் குறைக்கவேண்டுமா என்று உங்களையும் கேட்பார்கள். குறைக்கவேண்டும் என்பதே என் நம்பிக்கை. ஆனால் பெரியவனும் பின்னாலேயே வருவான் என்ற பொய்யைச் சொல்லி யாரையும் இதில் இறக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்காக யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். இன்னொன்று, குறைக்கிறவன் கையிலிருந்து போகும் காசை மறைக்காதீர்கள். நம் அறிக்கைகளில் மிச்சமான விறகு இருக்கிறது, குறைந்த புகை இருக்கிறது, அந்தக் காசு எந்தப் பக்கத்திலும் இல்லை.

போன வாரம் விடைபெறப் போனபோது அதைத்தான் செல்லப்பாண்டி அண்ணனிடம் கேட்டேன். வேகாத கல், கைவிட்டுப்போன வேலை, உமி வண்டி, சுவர் பூசிய கூலி என்று ஆறு பேருக்கும் போய்க் கேட்டு எழுதி வைத்திருந்தார்.

"விறகுல மிஞ்சுனதக் கழிச்சுட்டேன் மாப்ள. யோக்கியமா இருக்கணும்ல" என்றார்.

இதில் ஒரு ரூபாய்கூட நம் திட்டத்திலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ அந்தப் பெரிய சிம்னியிலிருந்தோ வரவில்லை. அடுத்த கூட்டத்தில் எந்தப் படத்தைக் காட்டுவதற்கு முன்னாலும் இந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாறிய முதல் இரண்டு பருவத்தில், ஆறு சின்னக் காளவாசல்களுக்கும் சேர்த்து, நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.